இரண்டு நீலங்கள்

(நம் பாடசாலையின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் புசல்லாவையில் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காக அங்கங்கே சிறிது திருத்தப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் அக்கா கோல் எடுத்து, "நீ டாக்டர்தானே, சீனி வருத்தத்தைப் பற்றி ஏதாவது பேசு" என்றார். சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசினால் பிறகு தேநீரோடு வருகிற கேக்கை ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிட மாட்டார்கள். அதனால் இரசாயனம் பற்றிப் பேசுகிறேன் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அரை மணித்தியாலத்துக்கு மேல் போகாதே" என்றார். போக மாட்டேன்.

1998ஆம் ஆண்டு. உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவில் நாங்கள் மிகச் சிலர். ஆய்வுகூடம் மேல் கட்டிடத்தின் கடைசி அறை. மழை நாளில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து சோதனைக் குழாய்களின் மேல் படியும். அங்கேதான் டீச்சர் எங்களுக்கு அந்தச் சோதனையைக் காட்டினார். ஒரு குழாயில் மஞ்சள் நிறப் பெரிக் குளோரைட்டுக் கரைசல். இன்னொன்றில் வெளிர் மஞ்சளில் பொற்றாசியம் பெரோசயனைட்டு. ஒன்றில் மற்றதை இரண்டு துளி விட்டார். மஞ்சளும் மஞ்சளும் சேர்ந்து கடும் நீலம் வந்தது. நாங்கள் "ஆ" என்றோம். டீச்சர், "பிரசியன் நீலம். இரும்பு இருக்கிறதென்பதற்கு அடையாளம். பரீட்சையில் நிறத்தை எழுதினால் புள்ளி" என்றார்.

ஒரு துளி என் வெள்ளைச் சீருடையில் விழுந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் அம்மா சவுக்காரம் போட்டுத் தேய்த்தார். நீலம் போய், அந்த இடத்தில் துருப்பிடித்த மாதிரி ஒரு மண்ணிறக் கறை வந்தது. உயர்தரம் முடியும்வரை அந்தக் கறையோடுதான் வந்தேன். சவுக்காரத்தின் காரத்தன்மை அந்த நீலத்தின் கட்டமைப்பைக் குலைத்துவிடும், உள்ளே இருந்த இரும்புதான் கறையாக வெளியே வரும் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. அந்த நீலம் வெறும் நிறமில்லை. அது ஒரு வீடு. நான் இன்று பேச வந்ததும் அந்த வீட்டைப் பற்றித்தான்.

இரும்பு அணு ஒன்றை மூலையில் வையுங்கள். அதிலிருந்து காபனும் நைதரசனும் சேர்ந்த ஒரு சின்னக் கோல் நீண்டு அடுத்த இரும்பைத் தொடுகிறது. மேலே, கீழே, இடம், வலம், முன், பின் எல்லாப் பக்கமும் இதே மாதிரி. முடிவில் கிடைப்பது ஒரே அளவான சதுர அறைகள், ஆயிரமாயிரமாக, ஒட்டி ஒட்டி. லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காம்பராவின் சுவர்தான் அடுத்த காம்பராவுக்கும் சுவர். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பளிங்குக் கட்டமைப்பு விளங்கப்படுத்துவது மிகச் சுலபம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஒரு வித்தியாசம்: இங்கே சுவர் கிடையாது, சட்டம் மட்டும்தான். சட்டத்தின் இடைவெளியால் சின்னவர்கள் வரலாம், போகலாம். அறைக்குச் சரியான அளவுள்ளவர் வந்தால் தங்கிவிடுவார்.

இதைத்தான் வீட்டுக்காரர் - விருந்தாளி இரசாயனம் என்கிறார்கள். வீட்டுக்காரருக்கு உள்ளே ஒரு வெற்றிடம் இருக்கிறது. விருந்தாளி அதற்குள் வந்து அமர்கிறார். இருவருக்கும் இடையில் கெட்டியான பிணைப்பு எதுவும் இல்லை. அளவு பொருந்த வேண்டும், மின்னேற்றம் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்காரர் உலோகத்தாலும் கனிமத்தாலும் ஆனவராக இருந்தால் அது அசேதன இரசாயனத்தின் பக்கம் சேரும்.

பிரசியன் நீலத்தை 1706ஆம் ஆண்டளவில் பேர்லினில் ஒரு சாயக்காரர் தற்செயலாகக் கண்டுபிடித்தார். அவர் செய்யப் போனது சிவப்பு. அதன் பிறகு ஓவியர்கள் அதைப் பூசினார்கள், துணிக்காரர்கள் தோய்த்தார்கள். உள்ளே அறைகள் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. அந்த அறைகளுக்கு மிகப் பொருத்தமான விருந்தாளிகள் இரண்டு பேர்: சீசியம், தாலியம். இரண்டும் மனித உடம்புக்குள் வரவே கூடாதவை.

1987 செப்டெம்பரில் பிரேசிலில் கொயானியா என்ற நகரத்தில், கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை நிலையத்தில் கிடந்த கதிர்வீச்சுக் கருவியைப் பழைய இரும்புக்காக எடுத்துப் போனார்கள். உடைத்தபோது உள்ளே ஒரு தூள். இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதே என்று உறவினர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஆறு வயதுப் பெண் பிள்ளை அதைக் கையில் பூசி விளையாடினாள். அது கதிர்வீசும் சீசியம். 249 பேர் மாசுபட்டார்கள், அந்தப் பிள்ளையோடு நான்கு பேர் இறந்தார்கள். மாசுபட்டவர்களில் 46 பேருக்கு வைத்தியர்கள் வாயால் குடிக்கக் கொடுத்தது என்ன தெரியுமா? நம் டீச்சர் சோதனைக் குழாயில் காட்டிய அதே பிரசியன் நீலம்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனித்துக் கேளுங்கள், என் பேச்சின் பின்பாதி இதில்தான் நிற்கிறது. உடம்புக்குள் போன சீசியம் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. இரத்தத்திலிருந்து பித்தத்தோடு குடலுக்கு வரும், அங்கிருந்து திரும்ப இரத்தத்துக்குப் போகும், மறுபடி குடலுக்கு வரும். பிரசியன் நீலம் குடலை விட்டு உள்ளே போகாது. அங்கேயே தன் காம்பராக்களைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் வருகிற சீசியத்தை உள்ளே எடுத்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். உடம்பில் இருக்கிற சீசியம் பாதியாகக் குறைய சாதாரணமாக 110 நாள் அளவில் ஆகும். பிரசியன் நீலம் கொடுத்தால் 30 நாள் அளவில் பாதியாகும். அமெரிக்காவில் 2003இல் இதை மருந்தாகவே அங்கீகரித்துவிட்டார்கள்.

விருந்தாளி திரும்பத் திரும்ப வாசலுக்கு வருகிறார் என்பதால்தான் வீட்டுக்காரரால் பிடிக்க முடிகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீடுகளை மனிதர் தாமே வடிவமைத்துக் கட்டத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். வளைய வடிவ மூலக்கூறுகள் உலோக அயன்களைப் பிடித்து வைக்கின்றன என்று பெடர்சன் 1967இல் எழுதினார். அவரும் கிராம், லேன் ஆகியோரும் 1987இல் நோபல் பரிசு பெற்றார்கள். பிறகு ஜப்பானில் பூஜித்தா என்பவர் பலேடியம் அணுக்களை மூலைகளாக வைத்து, கோல்களைக் கரைசலில் போட்டுக் கலக்கினார். கூடு தானாகவே கட்டிக்கொண்டது. கொத்தனார் இல்லாமல் செங்கல் தானே சுவரானது போல.

எனக்குப் பிடித்தது 2009இல் கேம்பிரிட்ஜில் நிட்சுகேயின் குழு செய்தது. வெண்பொசுபரசு காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும், தண்ணீருக்கடியில்தான் வைக்க வேண்டும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதன் மூலக்கூற்றை இரும்பு மூலைகள் கொண்ட ஒரு நான்முகிக் கூட்டுக்குள் அடைத்தார்கள். பிறகு காற்றில் வைத்தார்கள். பற்றவில்லை. காற்று உள்ளே போகாததால் அல்ல. பற்ற வேண்டுமானால் பொசுபரசு ஒட்சிசனைச் சேர்த்துக்கொண்டு பெருக்க வேண்டும், கூட்டுக்குள் அதற்கு இடமில்லை. பென்சீனை விட்டால் அது கூட்டுக்குள் நுழைந்து பொசுபரசை வெளியே தள்ளிவிடும். வெளியே வந்த பொசுபரசு பழைய பொசுபரசேதான். குணம் மாறவில்லை, இடம் போதாமல் இருந்தது, அவ்வளவுதான்.

2025ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசும் இந்த வகை வீடுகளுக்குத்தான். கித்தாகவா, ராப்சன், யாகி மூவருக்கும் கிடைத்தது. ராப்சன் அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ணில் விரிவுரையாளராக இருந்தவர். 1974இல் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக மரப் பந்துகளில் துளை போட்டு அணு மாதிரிகள் செய்தபோது இந்த எண்ணம் அவருக்கு வந்ததாம். பள்ளிக்கூட உபகரணத்துக்கும் நோபல் பரிசுக்கும் இடையில் தூரம் எவ்வளவு குறைவு பாருங்கள். யாகி ஜோர்தானில் அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ இல்லாத ஓர் அறையில் பெரிய குடும்பமாக வாழ்ந்து, பத்து வயதில் நூலகத்துப் புத்தகம் ஒன்றில் மூலக்கூறுகளின் படங்களைப் பார்த்து மயங்கியவர். அவர் பின்னாளில் கட்டிய பளிங்கு அறைகள் பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் பிடித்துத் தருகின்றன. பின்வரிசைப் பிள்ளைகள் இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இனி இரண்டாவது நீலம்.

என் அப்பா தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிறவர். இந்த மண்டபத்தில் பாதிப் பேருடைய அப்பாமார் ஏதோ ஒரு காலத்தில் அந்தத் தொழில் செய்தவர்கள்தான் என்று நினைக்கிறேன். கொழுந்து அம்மாமாருக்கு, முதுகில் டேங்க் அப்பாமாருக்கு. அப்பாவின் விரல் நகங்கள் வெள்ளைப் படர்ந்து, குறுக்கே வரி விழுந்திருக்கும். சில நாட்களில் மூக்கிலிருந்து இரத்தம் வரும். சூடு என்று சொல்லி அம்மா நன்னாரி போட்டுக் கொடுப்பார். இரண்டும் பரக்குவாட்டின் வேலை என்று நான் மருத்துவப் பீடத்தில் நஞ்சியல் பாடத்தில் படித்த அன்று இரவு விடுதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மருந்து அடித்துத்தான் அப்பா எனக்குக் கொப்பி வாங்கினார்.

பரக்குவாட்டை 1882லேயே செய்துவிட்டார்கள். புல்லைக் கொல்லும் என்று இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனம் கண்டது 1955இல். 1962இல் கிரமொக்சோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தேயிலைத் தோட்டங்கள் அதை ஏன் அப்படி விரும்பின? பச்சையாக இருக்கிற இலையில் பட்டால் மட்டும் கருக்கும். பட்டை பிடித்த தண்டை ஒன்றும் செய்யாது. மிக முக்கியமாக, மண்ணில் விழுந்த அடுத்த கணமே செயலிழந்துவிடும், தேயிலை வேருக்குப் போகாது.

மண்ணில் விழுந்ததும் என்ன ஆகிறது? அங்கேயும் ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார். களிமண் துகள் என்பது மெல்லிய தகடுகளின் அடுக்கு. ஒரு மீற்றரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு, அவ்வளவுதான் ஒரு தகட்டின் தடிப்பு. தகடுகளுக்கு எதிர் மின்னேற்றம். பரக்குவாட் ஒரு தட்டையான பலகை போன்ற மூலக்கூறு, இரண்டு முனையிலும் நேர் மின்னேற்றம். தகடுகளுக்கு இடையில் அது அப்படியே படுத்துக்கொள்ளும். எழுப்புவது மிகக் கடினம். எங்கள் மலையின் சிவப்பு மண்ணை விட, மன்னார்ப் பக்கம் முருங்கனில் கிடைக்கிற களிமண்ணில் இந்தத் தகடுகள் நன்றாக விரிந்து கொடுக்கும். மொன்மொரிலொனைட்டு என்று பெயர். கூடு என்று சொல்ல முடியாது, அடுக்குப் படுக்கை என்று சொல்லலாம். ஆனால் இதுவும் அசேதன வீட்டுக்காரர்தான், விதி ஒன்றுதான்.

அதனால் யாராவது பரக்குவாட் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தால் நாங்கள் கொடுத்ததும் மண்தான். புல்லர்ஸ் ஏர்த் என்று ஒரு வகைக் களிமண். தண்ணீரில் கரைத்து, சாம்பல் நிறத்தில், ஒரு ஜக்கு நிறைய.

2006இல் நான் உள்ளகப் பயிற்சி வைத்தியர். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். ஒரு மாலை ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். பதினேழு வயது. தோட்டத்திலிருந்து இறங்கி லொறியில் வந்து, ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நிறுத்தி, அங்கிருந்து அம்புலன்ஸில் எங்களிடம் வந்து சேர ஆறு மணித்தியாலம் ஆகிவிட்டது. பிள்ளை நன்றாகப் பேசினாள். நான் எங்கே படித்தேன் என்று கேட்டாள். சொன்னேன். அவளும் இதே பாடசாலைதான். அதன் பிறகு டாக்டர் என்று சொல்லவில்லை, அக்கா என்றே சொன்னாள்.

பரக்குவாட்டுக்கு வார்டிலேயே செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. சிறுநீரைக் கொஞ்சம் குழாயில் எடுத்து, அப்பச்சோடாவும் சோடியம் டைதயனைட்டு என்ற வெள்ளைத் தூளும் போட வேண்டும். பரக்குவாட் இருந்தால் நீலமாகும். எவ்வளவு கடும் நீலமோ அவ்வளவு மோசம். அவளுடைய குழாய், டீச்சர் காட்டிய குழாயைப் போலவே இருந்தது. நான் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவளுடைய அம்மா பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "டாக்டரம்மா, அந்த நீல மருந்த எம் புள்ளைக்கி எப்பக் குடுப்பீங்க?"

அந்த நீலம் எப்படி வருகிறது என்றால், பரக்குவாட் ஓர் இலத்திரனை வாங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொண்டதும் நிறம் நீலம். குழாயில் ஒட்சிசனை டைதயனைட்டு தின்றுவிடுவதால் நீலம் நிலைத்து நிற்கும். நுரையீரலில் அப்படியல்ல, அங்கே ஒட்சிசன் நிறைய இருக்கிறது. வாங்கிய இலத்திரனைப் பரக்குவாட் உடனே ஒட்சிசனுக்குக் கொடுத்துவிடும். அந்த ஒட்சிசன் வெறி பிடித்ததாகி நுரையீரல் கலங்களைச் சுடும். பரக்குவாட் திரும்பப் போய் இன்னோர் இலத்திரனை வாங்கும். நிற்காத சுற்று. போதாததற்கு, உடம்புக்குத் தேவையான வேறொரு பொருளென்று ஏமாந்து நுரையீரலே அதை வலிந்து உள்ளே இழுத்துச் சேர்த்து வைக்கும். ஆகவே மூச்சுத் திணறுகிற அந்தப் பிள்ளைக்கு நாங்கள் ஒட்சிசன் கொடுக்கத் தயங்கினோம். கொடுத்தால் நெருப்புக்கு விறகு போட்டது மாதிரி. மூச்சு வாங்கும் பிள்ளையின் முன்னால் ஒட்சிசன் குழாயை மூடி வைத்துக்கொண்டு நிற்பது எப்படி என்று எனக்கு எந்தப் புத்தகமும் படிப்பிக்கவில்லை.

"சாகணும்னு குடிக்கல்ல அக்கா, ஒரு கோவம்" என்றாள். காரணத்தை நான் இங்கே சொல்லப் போவதில்லை. மறுநாளே மறந்திருக்கக்கூடிய விஷயம். மண்ணை ஒரு முகச்சுழிப்பும் இல்லாமல் குடித்தாள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

பலகாலம் நான் என்னையே கேட்டேன்: பரக்குவாட்டை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கிற மண், ஏன் அவளுக்குப் பயன்படவில்லை? கொயானியாவில் நீலம் பயன்பட்டதே? விடை முன்பே சொன்னதுதான். சீசியம் குடலுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. பரக்குவாட் வருவதில்லை. உள்ளே போனது ஓரிரண்டு மணித்தியாலத்துக்குள் இரத்தத்தில் உச்சத்தைத் தொட்டு, நுரையீரலில் போய்ப் படுத்துவிடும். ஆறாவது மணித்தியாலத்தில் நாங்கள் வயிற்றில் விரித்த படுக்கைக்கு வர விருந்தாளி மிஞ்சியிருக்கவில்லை.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமல்ல. நஞ்சு குடித்தவர்களுக்குக் கரித்தூள் கொடுப்பதால் பலன் உண்டா என்று வடமத்திய, வடமேல் மாகாண ஆஸ்பத்திரிகள் மூன்றில் 4632 பேரை வைத்து நம் நாட்டில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2008இல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. கரித்தூளும் துளைகள் நிறைந்த ஒரு வீட்டுக்காரர்தான். பலமுறை கொடுத்தவர்களுக்கும், ஒருமுறை கொடுத்தவர்களுக்கும், கொடுக்காதவர்களுக்கும் இறப்பில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. இவ்வளவு பெரிய ஆய்வு உலகில் வேறெங்கும் நடந்ததில்லை என்று பெருமைப்பட வேண்டுமா, இவ்வளவு பேர் நம்மிடம் இருந்தார்களே என்று அழ வேண்டுமா, எனக்குத் தெரியவில்லை. மருந்தைத் தயாரிப்பவர்களும் முயன்றார்கள். வயிற்றுப் புளிப்புப் பட்டதும் களியாக இறுகும்படி கடற்பாசிச் சத்தைச் சேர்த்து, வாந்திக்கும் பேதிக்கும் மருந்து கலந்து இலங்கையில் வெளியிட்டார்கள். உயிர் பிழைத்தவர்கள் 100க்கு 27 என்பது 37 ஆனது. பத்துப் பேர் கூடினார்கள், உண்மை. 63 பேர்?

இரசாயனக்காரர்களுக்குப் பரக்குவாட் என்றால் தனிப் பாசம் என்பதைப் பிறகு அறிந்தேன். தட்டையான உருவம், இரண்டு மின்னேற்றம், பார்த்தவுடன் தெரிகிற நிறம். விருந்தாளிக்கு இலக்கணம் என்றே சொல்வார்கள். ஸ்டொடார்ட் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1970களின் கடைசியில் ஐ.சி.ஐ. ஆய்வுகூடத்தில் இருந்தபோது இந்தக் களைக்கொல்லிகளைப் பிடிக்கும் வளையங்களைத் தேடத் தொடங்கினார். அந்தத் தேடல்தான் அவரை 2016 நோபல் பரிசுவரை கொண்டுபோனது. பரக்குவாட்டைக் கொண்டே அவர் ஒரு பெட்டியும் செய்தார். நீலப் பெட்டி என்று பெயர். விருந்தாளியே வீட்டுக்காரராகிவிட்டது! முதன்முதலில் அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இவர்களுக்கு இது ஒரு அழகான பலகை, எங்களுக்கு இது வார்டில் ஏழாம் கட்டில். பிறகு கோபம் தணிந்தது. மூலக்கூற்றின் மேல் குற்றமில்லை, அதைப் படிக்கிறவர் மேலும் இல்லை. மக்காவில் ஓர் ஆய்வுக்குழு, பூசணிக்காய் வடிவத்தில் இருப்பதால் பூசணிக் குடும்பத்தின் பெயரே வைக்கப்பட்ட ஒரு கூட்டு மூலக்கூற்றைப் பரக்குவாட் கொடுத்த சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டிருக்கிறது. மனிதருக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது. வந்தாலும், தோட்டத்து மேல் பிரிவிலிருந்து லொறி இறங்குகிற அந்த ஆறு மணித்தியாலத்தை அது எப்படி வெல்லும் என்பதுதான் என் கேள்வி.

புசல்லாவையில் பஸ் ஏறி, கம்பளை, பேராதனை தாண்டிக் கண்டிக்குப் போகிற வழியில் கெட்டம்பே வரும். நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலமெல்லாம் அந்த வழியாகத்தான் கண்டிக்குப் போய் வந்தேன். அங்கே பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ், எந்த மருந்து நாட்டுக்குள் வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானிக்கும் இடம். சாதாரண அரசாங்கக் கட்டிடம், கோப்புகள், மின்விசிறி. நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. 2008 தொடங்கி 2011 வரை படிப்படியாகப் பரக்குவாட்டையும் வேறு இரண்டு பூச்சிமருந்துகளையும் நிறுத்தினார்கள். பேராதனையில் நஞ்சியல் ஆய்வு செய்த வைத்தியர்கள் வார்டு வார்டாகச் சேர்த்த கணக்குகள் அதற்குப் பின்னால் இருந்தன.

1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த கணக்குகளில் ஒன்று. மிகக் கொடிய மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார்கள், எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. பரக்குவாட் போன பிறகு, 2011க்கும் 2015க்கும் இடையில் பீடைகொல்லியால் இறந்தவர்கள் லட்சத்துக்கு 8.5 என்பதிலிருந்து 4.2 ஆகக் குறைந்தார்கள். பாதி. இருபது ஆண்டுகளில் இந்தத் தடைகளால் தப்பிய உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குடித்தவர்கள் எல்லாரும் குடிக்காமல் விட்டுவிடவில்லை. கோபம் குறையவில்லை, சண்டை குறையவில்லை. கைக்கு எட்டியது கொல்லாத மருந்தாக இருந்தது, ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் பெரும்பாலானவர்கள் மறுபடி அந்தப் பக்கம் போவதில்லை என்பதை என் வார்டிலேயே காண்கிறேன். சென்ற வருடம் ஒருத்தி தன் இரண்டாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள்.

தோட்டத்துரைமார் குறை சொன்னார்கள். புல் எடுக்க ஆளில்லை என்றார்கள், அதிலும் உண்மை இருக்கிறது. 2015இல் கிளைபோசேட்டையும் நிறுத்தி, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்பத் திறந்துவிட்ட கதை வேறு. அதற்குள் நான் போகவில்லை, அக்கா கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஒன்று மட்டும் பின்வரிசைப் பிள்ளைகளுக்கு. மனம் தாங்காத இரவு வந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், தமிழிலும் பேசலாம். அல்லது இந்த மண்டபத்தில் இருக்கிற எந்த அக்காவையும் எழுப்புங்கள். கோபிக்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. நகங்கள் சரியாகிவிட்டன. போன மாதம் இந்தப் பேச்சை அவருக்குச் சொல்லிக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப மண்ணுதான் அத பிடிச்சி வச்சிருந்திச்சா? நாப்பது வருசமா?" என்றார். பிறகு வெகுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒரு சின்ன ஏற்பாடு. பெரிக் குளோரைட்டும் பெரோசயனைட்டும் கொண்டுவந்திருக்கிறேன். ஆய்வுகூடத் திறப்பை அதிபர் என்னிடம் தந்திருக்கிறார். விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகள் தேநீர் குடித்துவிட்டு மேலே வாருங்கள், செய்து பார்ப்போம். டீச்சரும் வருகிறேன் என்றிருக்கிறார், இரண்டு துளியும் அவர்தான் விடுவார். சீருடையில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சவுக்காரத்துக்குப் போகாது.